ஆற்றிடுக்கைக் காப்பதும் அங்கே போய்வருவதும்: மலையகத்துக்கான கேள்வி பதில்

இலங்கையின் மலையகத்தில் ஆறுகள் பாறையை அறுத்துக்கொண்டு ஆழத்தில் ஓடும் இடுக்குகள் பல. கொத்மலை ஓயா தலவாக்கலைக்குக் கீழே இறங்கும் இடம், மஸ்கெலியா ஓயா மவுஸ்ஸாக்கலையைத் தாண்டிக் கெனியன், லக்ஷபான பக்கம் போகும் வழி, கெசல்கமு ஓயா அபர்தீன் அருவியாக 98 மீட்டர் விழும் பள்ளம், பூனாகலை ஓயா தியலும விளிம்புக்கு வரும் பாறைத்தளம் எல்லாம் இந்த வகை. இப்படி ஓர் இடத்தைக் காக்கவும், சனங்கள் அங்கே தடையில்லாமல் போய்வரவும் விரும்பும் தோட்ட இளைஞர் மன்றங்கள், கிராமச் சங்கங்கள், பிரதேச சபை உறுப்பினர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கீழே உள்ளன.

ஆறு ஓடும் பள்ளத்தை மட்டும் காத்தால் போதாதா?

போதாது. பள்ளத்தின் அடியில் பெரும்பாலும் பாறையும் தண்ணீரும்தான். கெடுதல் மேலிருந்து வருகிறது. விளிம்புக்கு மேலே உள்ள தேயிலை மலையில் கான்கள் (மழைநீர் வடிகால்கள்) தூர்ந்துபோனால் மழைநீர் கண்ட இடத்தில் வழிந்து மண்ணைக் கீழே தள்ளும். விளிம்பில் வீடோ விடுதியோ எழும்பினால் அதன் கழிவுநீரும் கூரைநீரும் ஒரே இடத்தில் இறங்கிச் சுவரைக் கரைக்கும். பக்க ஓடைகளின் ஊற்றுக்கண் வறண்டால் பங்குனியில் இடுக்கே வறண்டுவிடும்.

ஆகவே வரைபடத்தில் நான்கையும் குறியுங்கள்: ஆற்றின் அடித்தளம், இருபக்கச் சுவர், விளிம்பு, பக்க ஓடைகள் அவற்றின் ஊற்று வரை. விளிம்பிலிருந்து பின்னால் குறைந்தது 30 மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. செங்குத்துச் சரிவு அதற்கு மேலும் நீண்டால் சரிவு முடியும் இடம்வரை எடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:10,000 படத்தில் இதை வரையலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களும் அதே அளவில் கிடைப்பதால் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியும். கையில் இருக்கும் நேரமும் பணமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் விளிம்பை எடுங்கள்.

ஆறு யாருடையது? கரை யாருடையது?

ஆற்றுநீர் அரசுடையது. 1947 இன் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் பொது ஆறுகளின் நீரைப் பயன்படுத்துவது, நிருவகிப்பது, கட்டுப்படுத்துவது ஆகிய உரிமைகளை அரசிடம் வைக்கிறது. கரையோரத்தில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்ப ஒரு பட்டை ஒதுக்கு நிலமாக விடப்படும். பழைய பிளான்களில் இது சங்கிலிக் கணக்கில் இருக்கும்; ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20 மீட்டருக்குச் சற்று மேல். அரச ஒதுக்கு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் ஆட்சியுரிமை கோர முடியாது. தனியார் காணியில் 10 ஆண்டு எதிரிடையாக ஆண்டால் உரிமை கோரலாம் என்கிற 1871 இன் ஆட்சியுரிமைச் சட்டம் அரசுக்கு எதிராகச் செல்லாது.

அதற்கு மேலே ஏறும்போதுதான் சிக்கல். மலையகத்தில் விளிம்பு நிலம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடு ஒன்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுக்கு வந்த தோட்டக் காணி இன்னொன்று. தனியார் சிறு துண்டு மூன்றாவது. தோட்டக் காணியில் உரிமையாளர் ஒருவர், ஆள்பவர் வேறொருவர். உரிமை காணிச் சீர்திருத்த ஆணைக்குழு, ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச அமைப்புகளிடம். 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகையில் நடத்துபவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். தோட்டத்தை நடத்தும் துரை வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பிப் பாதை வெட்டியவர்கள், அந்தத் துரை மாற்றலாகிப் போனதும் வாசலில் நின்ற கதை பல தோட்டங்களில் உண்டு. எழுத்து வேண்டும், அதுவும் இரு தரப்பிடமிருந்தும் வேண்டும்.

இதை எப்படி உறுதிப்படுத்துவது?

கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். அவர் சொல்வது சான்று ஆகாது. ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு என்று அவருக்குத்தான் தெரியும். பிறகு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. பிளான் இலக்கமும் துண்டு இலக்கமும் கிடைத்தவுடன் நில அளவை அலுவலகத்தில் பிளானின் பிரதி எடுங்கள். தனியார் துண்டு என்றால் காணிப் பதிவகத்தில் அந்த உறுதிக்குரிய ஏட்டுப் பக்கத்தைத் தேடி முன்னைய கைமாற்றங்கள், அடைமானம், வழக்கு எல்லாம் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது நொத்தாரிசுகளின் வழக்கம்.

பதில் வராவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ 01 படிவத்தில் எழுதலாம், தமிழில் எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள். "இந்த ஆற்றைப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கொடுக்கிறீர்கள். "இன்ன பிளானின் இன்ன துண்டு யார் பெயரில் உள்ளது, குத்தகைக்குக் கொடுக்கப்பட்டுள்ளதா, எந்தத் திகதி வரை" என்று கேட்டால் பதில் ஒரு பக்கத்தில் வரும்.

காணியை விலைக்கு வாங்கித்தான் காக்க வேண்டுமா?

மேலை நாடுகளில் சங்கங்கள் பணம் திரட்டி இடுக்குகளை வாங்கிவிடுகின்றன. இங்கே அதற்கு இடம் குறைவு, ஏனென்றால் காணியில் பெரும்பங்கு ஏற்கெனவே அரசுடையது. வாங்க வேண்டியது வழக்கமாக ஒரு சில இடங்கள்தான்: பாதை தொடங்கும் இடம், விளிம்பில் கட்டடம் எழும்ப வாய்ப்புள்ள தனியார் துண்டு, ஊற்றுக்கண் உள்ள துண்டு. 20 பேர்ச் வாங்கி 200 ஏக்கருக்கு வழி திறக்க முடியும். ஒரு ஏக்கர் 160 பேர்ச் என்பதை நினைத்தால் செலவின் அளவு புரியும்.

யார் பெயரில் வாங்குவது என்பதை முதலில் தீருங்கள். பதிவு மட்டும் செய்த கிராமச் சங்கம் தன் பெயரில் காணி வைத்திருப்பது சிக்கலானது. தலைவர் பெயரில் எழுதினால் அவர் காலமானதும் பிள்ளைகளுக்குப் போய்விடும். 1917 இன் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டப்படி ஒரு தரும நம்பிக்கைப் பொறுப்பு அமைக்கலாம். அல்லது 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைப் பதியலாம். இரண்டிலும் இலாபம் பங்கிடப்படுவதில்லை. நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் ஐந்து பேருக்குக் குறையாமல் இருப்பதும், அதில் இருவராவது அந்தத் தோட்டத்திலோ கிராமத்திலோ குடியிருப்பவர்களாக இருப்பதும் நல்லது.

தனியார் விற்க மறுத்தால்?

வழியுரிமை கேளுங்கள். உறுதியை நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு எழுதி, உரிமம் பெற்ற நில அளவையாளரின் பிளானை இணைத்து, காணிப் பதிவகத்தில் அதே ஏட்டில் பதிய வேண்டும். 1840 இன் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருப்பதால், நொத்தாரிசு இல்லாமல் எழுதிய கடதாசி காணி உரிமையைத் தராது. பதியாமல் விட்டால் காணியை அடுத்து வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று கேற்றைப் பூட்டுவார்.

உறுதியில் எழுத வேண்டியவை: பாதைக்கு விடும் நிலத்தின் அகலம் (2 மீட்டர் போதும்), நடப்பவர்களுக்கு மட்டுமா வாகனத்துக்குமா, எந்த நேரம், யார் திருத்துவது, கேற் இருந்தால் திறப்பு யாரிடம், விளிம்பிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது.

ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டில் செல்லும் ரோமன் டச்சுச் சட்டப்படி இத்தகைய காணியுரிமை ஒரு காணியின் நன்மைக்காக இன்னொரு காணியின் மேல் சுமத்தப்படுவது. ஆகவே பக்கத்தில் உங்கள் பொறுப்பில் ஒரு சிறு துண்டாவது இருந்தால்தான் உரிமை தலைமுறை தாண்டி உறுதியாக நிற்கும். பாதை தொடங்கும் இடத்தில் 20 பேர்ச் வாங்குங்கள் என்பதற்கு இது இரண்டாவது காரணம். காணியை ஒருவர் தானமாகத் தந்தால் உறுதியிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுங்கள். ஏற்காத நன்கொடை பின்னால் வழக்காகலாம்.

அரச பாதுகாப்பில் எந்த வகை பொருந்தும்?

பெரும்பாலான மலையக இடுக்குகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்ற வகைதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. 1980 இன் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை இட்டால் போதும். காணியின் உரிமை மாறாது. திட்டமிடும் அதிகாரம் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு வரும். வலயங்களாகப் பிரித்து ஒன்றில் வீடு, ஒன்றில் விவசாயம், ஒன்றில் எதுவும் கூடாது என்று விதிக்கலாம். ஹந்தானை மலைத்தொடர், நுவரெலியா கிரகரி ஏரி போன்றவை இப்படி அறிவிக்கப்பட்டவை.

1937 இன் 2 ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சரணாலயம் இன்னொரு வழி. அதிலும் தனியார் காணி அடங்கலாம். மகாவலியின் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய சரணாலயம் 1987 இல் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கு எல்லாம் அரச காணிக்கு மட்டும். அங்கே மக்கள் போய்வருவது கடினமாகும். விளிம்பு முழுக்கக் காடாக இருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட வனம். நக்கிள்ஸ் 2000 இல் அப்படி ஆனது.

எந்த வகையாயினும் கோரிக்கையோடு எல்லைப் படம், காணி உரிமைப் பட்டியல், அங்கே இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்ற குறிப்பு, உயிரினப் பட்டியல், பிரதேச சுற்றாடல் குழுவின் பரிந்துரை இவை இருந்தால் கோப்பு நகரும். எல்லைப் படம் இல்லாத கோரிக்கை கடிதமாகவே கிடக்கும்.

பாதுகாப்புப் பிரதேசம் ஆனால் லயத்தில் இருப்பவர்களின் கதி என்ன?

மலையகத்தில் இந்தக் கேள்வி முதலில் வர வேண்டும். வீட்டுக்காணிக்காகத் தலைமுறையாகக் காத்திருக்கும் குடும்பங்களின் மேல் பாதுகாப்பு எல்லையை வரைந்துவிட்டால், பிறகு 7 பேர்ச் உறுதி கேட்டாலும் "சுற்றாடல் பிரதேசம்" என்ற பதில் வரும். ஆகவே லயங்கள், வீட்டுத்தோட்டங்கள், கோயில், பாடசாலை, மயானம், விளையாட்டுத்திடல், எதிர்கால வீடமைப்புக்குப் பொருத்தமான சரிவு குறைந்த நிலம் ஆகியவற்றை முதலில் அளந்து வெளியே விடுங்கள். அதன் பிறகுதான் எல்லைக் கோடு. மண்சரிவு அபாயம் உள்ள லயம் வேறு விடயம். அங்கே மாற்றுக்காணி கேட்கும் கோரிக்கையையும் பாதுகாப்புக் கோரிக்கையையும் ஒரே கோப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒன்று மற்றதைத் தடுக்கும் சாட்டாகிவிடும்.

ஏற்கெனவே உள்ள பயன்பாடுகளையும் எழுதி வையுங்கள். திருவிழாவில் கரகம் பாலிக்கும் ஆற்றங்கரை, கருமாதி செய்யும் துறை, முனியாண்டிக் கல்லுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, பீலித் தண்ணீர் எடுக்கும் ஊற்று, விறகு பொறுக்கும் பகுதி. இவைதான் இங்குள்ள மிகப் பழைய பொதுவழிகள். சுற்றுலாப் பயணிக்குப் புதுப் பாதை போட்டுவிட்டு, தோட்டத்து ஆள் கரகம் எடுத்துப் போகும் வழியை மூடும் திட்டம் எத்தனை அழகாக வரையப்பட்டிருந்தாலும் ஓர் ஆண்டு தாங்காது, வேலி அறுக்கப்படும்.

விறகுக்கு முழுத்தடை போட வேண்டாம். விழுந்த கொப்பு எடுக்கலாம், பச்சை மரம் தொடக் கூடாது, விளிம்பிலிருந்து 30 மீட்டருக்குள் எதுவும் எடுக்கக் கூடாது என்ற மூன்று விதி போதும். ஊற்றைச் சுற்றி வேலி. மலசலகூடக் குழி ஊற்றிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால், அதுவும் ஊற்றை விடத் தாழ்ந்த பக்கத்தில்.

நடைபாதையை எப்படி வெட்டுவது?

தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். சரிவில் தண்ணீர் எப்படி ஓடும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடக்கும் தளத்தின் அகலம் 1 மீட்டர். சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள், அதாவது 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயர்வு. குறுகிய தூரத்துக்கு 15 வரை போகலாம். பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனால் பாதையே ஓடையாகிவிடும். தளம் பள்ளத்துப் பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். மலைப்பக்கமாகச் சாய்த்தால் நீர் தேங்கி ஊறிப் பாதை சரியும். ஏற்றம் 10 சதவீதமாக இருக்கும் இடத்தில் சுமார் 15 மீட்டருக்கு ஒன்று, 15 சதவீதத்தில் 10 மீட்டருக்கு ஒன்று என்று குறுக்கே கல்வரி பதித்து நீரைத் திருப்புங்கள். கல்வரியைச் செங்குத்தாக அல்லாமல் 30 முதல் 45 பாகை சாய்வாக வைத்தால்தான் மண் அடையாது. நீர் வெளியேறும் வாயில் கற்களைக் கொட்டாவிட்டால் அங்கே புதிதாக ஓர் அரிப்பு தொடங்கும்.

படி தேவைப்படும் இடத்தில் உயரம் 15 முதல் 18 சென்டிமீட்டர், மிதி 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல். சீமெந்துப் படியில் பாசி பிடித்து வழுக்கும். பொளிந்த கருங்கல் நல்லது. சாரல் படும் இடத்தில் வர்ணம் பூசிய இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கல்வனைசு செய்த குழாயே போடுங்கள். கைப்பிடி வேலி 1.1 மீட்டர் உயரம். தூண்களைப் பாறை விளிம்பிலேயே நடாதீர்கள். பாறையில் வெடிப்பு உள்ள பக்கம் எது என்று பார்த்து 2 மீட்டராவது உள்ளே தள்ளுங்கள். பார்வை மேடை கடைசி வேலை. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். பல இடங்களில் பாறையே நல்ல மேடைதான்.

கண்டியில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் பீகோ நடைபாதை பழைய தேயிலை வண்டிப் பாதைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறது. இருக்கும் வழியைத் திருத்துவது புதிது வெட்டுவதை விட மலிவு, சரிவுக்கும் நல்லது.

விளிம்பில் நிற்கும் டர்பன்டைன், பைனஸ் மரங்களை வெட்டிவிட்டு நாட்டு மரம் நடலாமா?

நடலாம், ஒரேயடியாக வெட்டக் கூடாது. வெட்டிய மரத்தின் வேர் உடனே விடுவதில்லை; சில ஆண்டுகள் கழித்து உக்கும்போதுதான் மண் பிடியை இழக்கிறது. புது மரத்தின் வேர் அதற்குள் இறங்கியிருக்காது. மொட்டை அடித்த சரிவு மூன்றாம், நான்காம் ஆண்டு மழையில் இறங்குவதற்கு இதுவே காரணம். முதலில் இடையிடையே நடுங்கள். நாட்டு மரம் ஆள் உயரம் தாண்டியதும் பழைய மரத்தில் நான்கில் ஒன்றை எடுங்கள். மற்றதைப் பல ஆண்டுகளில். வெட்டுவதற்கு 1951 இன் 9 ஆம் இலக்க மரம் வெட்டும் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்துமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் பெறுங்கள். தோட்டக் காணியில் மரமும் கம்பனிக்கோ அரசுக்கோ உரிய சொத்து.

குழி 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழம், இடைவெளி 2 முதல் 3 மீட்டர். மேற்குச் சரிவுகளில், ஹட்டன், மஸ்கெலியா பக்கம், தென்மேல் பருவமழை தொடங்கும் வைகாசியில் நடுங்கள். ஊவாப் பக்கம் ஐப்பசி. தாழ்ந்த ஆற்றங்கரைக்கு மருது. மேலே போகப் போகக் காட்டுநாவல் இனங்களும் கீன இனங்களும். அந்த இடத்துக்கு மேலே உள்ள காட்டின் விதையை எடுத்து நாற்று போடுவதே சிறந்தது. மண் வெறுமையான இடத்தில் வெட்டிவேரைச் சமவுயரக் கோட்டில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள்.

நட்டதில் பெரும்பகுதி சாவதற்குக் காரணம் வறட்சியை விட மானாப் புல்தான். கன்றைச் சுற்றி 1 மீட்டர் வட்டம் ஆண்டுக்கு மூன்று தடவை, மூன்று ஆண்டு துப்புரவு செய்ய ஆள் இல்லை என்றால் நடும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

மினி ஹைட்ரோ (சிறு நீர்மின்) திட்டம் வருகிறது என்கிறார்கள். என்ன கேட்பது?

அணைக்கட்டு எங்கே, நீர் மீண்டும் ஆற்றில் விழும் இடம் எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையில்தான் இடுக்கு இருந்தால் இடுக்குத்தான் வறளும். மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட். தலவாக்கலையில் தடுத்த நீரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் கொண்டுபோகிறது, சென் கிளேயர் அருவி நடுவில் நிற்கிறது.

இரண்டாவது கேள்வி, வறண்ட மாதத்தில் ஆற்றில் விடும் நீர் வினாடிக்கு எத்தனை லீட்டர். "போதிய அளவு" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். அந்த அளவு திருகு இல்லாத, எப்போதும் திறந்திருக்கும் ஒரு வெட்டு வழியாக அணைக்கட்டிலிருந்து போக வேண்டும். திருகு வைத்தால் இரவில் மூடப்படும். வேகமான நீரில் பாறையைப் பற்றி வளரும் பொடொஸ்டெமேசியே குடும்பத்துச் செடிகள் இந்த இடைவெளியில்தான் அழியும்.

நீரை நீங்களே அளக்கலாம். ஆறு நேராக ஓடும் 10 மீட்டரைக் குறித்து, ஒரு தோடங்காயை மிதக்கவிட்டு எத்தனை வினாடி என்று பாருங்கள். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர், நேரம் 20 வினாடி என்றால்: 4 × 0.3 × 0.5 × 0.85 = 0.51 கனமீட்டர், அதாவது வினாடிக்கு 510 லீட்டர். இதில் 0.5 என்பது வேகம் (10 மீட்டரை 20 வினாடியால் வகுத்தது); அடிநீர் மேல்நீரை விட மெதுவாக ஓடுவதால் 0.85 ஆல் பெருக்குகிறோம். தை முதல் பங்குனி வரை வாரம் ஒரு தடவை எழுதிவைத்த இரண்டு ஆண்டுக் கணக்கு எந்த முழக்கத்தையும் விடப் பயன்படும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்றால் அந்தக் காலக்கெடு கிடையாது. ஆவணத்தைப் பார்க்கும் உரிமை மட்டுமே. எனவே எந்த வகை அறிக்கை என்பதைத் தொடக்கத்திலேயே விசாரியுங்கள்.

மணல், மாணிக்கம் அகழ்வோரை என்ன செய்வது?

மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம், மாணிக்கத்துக்குத் தேசிய மாணிக்கக்கல் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம். நேரில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். திகதி, நேரம், இடம் தெரியும் படத்தோடு பொலிஸுக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

குளிக்கும் இடத்தை அனுமதிக்கலாமா?

மேலே நீர்த்தேக்கம் இருக்கும் ஆற்றில் அனுமதிக்காதீர்கள். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கெனியன், லக்ஷபான, விமலசுரேந்திர நீர்த்தேக்கங்களின் வான்கதவு திறந்தாலோ அவை நிரம்பி வழிந்தாலோ கீழே வெயில் அடித்தாலும் நீர் எழும்பும். மற்ற ஆறுகளில் ஆழம் தெரிந்த, நீர் சுழலாத ஓரிடத்தை மட்டும் குறித்து, அருவியின் அடிக்குட்டையைத் தடுங்கள். நீர் திடீரெனக் கலங்குவது, இலை சுள்ளி மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவை கண்டால் பொருட்களை விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும் என்று மூன்று மொழியிலும் பலகை வையுங்கள். பலகைப் பக்கத்தில் 20 மீட்டர் கயிறும் மிதவையும் தொங்கட்டும்.

குளவி, சிறுத்தை பயம்?

குளவிதான் பெரிய ஆபத்து. பாறைச் சுவரில் கூடு கட்டும் காலத்தில் அந்தப் பகுதிப் பாதையை மூடுங்கள். புகை, கல்லெறிதல், ட்ரோன், உரத்த சத்தம் இவைதான் கலைக்கின்றன. கலைந்தால் படுக்கக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு புதருக்குள் விலகி ஓட வேண்டும்.

சிறுத்தை மனிதரைத் தவிர்த்தே நடக்கும். அதற்கு எமன் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை சிக்கி இறந்தது இப்படித்தான். பாதை ரோந்தில் கம்பி தேடுவதும் ஒரு வேலை. விலங்கு சிக்கியிருந்தால் கூட்டம் கூட்டாமல் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; துடிக்கத் துடிக்கக் கம்பி இறுகும்.

கட்டணம் வாங்கலாமா?

அரச ஒதுக்கு நிலத்தில் மேசை போட்டு ரிக்கற் விற்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. பிரதேச சபையின் துணைவிதிப்படியோ காணிக்குரிய நிறுவனத்தின் எழுத்து உடன்படிக்கையோடோ வாங்கலாம். வாகனத் தரிப்பு, மலசலகூடம் போன்ற சேவைக்கு வாங்குவதே சிக்கல் குறைந்தது. தோட்டத்தார், ஊரார், மாணவர் இலவசம் என்று முதல் நாளிலேயே எழுதுங்கள். ரசீதுப் புத்தகம் இலக்கமிட்டு இருக்கட்டும். மாதக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

பாதையை எப்போது மூடுவது?

மழைமானி ஒன்றைத் தோட்டப் பாடசாலையிலோ தொழிற்சாலையிலோ வைத்து, காலை 8.30 க்கு ஒருவர் அளக்கட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகளை அப்படியே பின்பற்றலாம். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் கடந்தால் விழிப்பு: இடுக்கின் அடிக்குப் போகும் கிளையை மூடுங்கள். 100 கடந்தால் முழுப் பாதையும் மூடல். 150 கடந்தாலோ ஒரு மணிநேரத்தில் 75 பெய்தாலோ, பாதையை மறந்துவிட்டுச் சரிவுக்குக் கீழ் இருக்கும் குடும்பங்களை வெளியேற்றும் வேலை.

மழை விட்டதும் திறக்காதீர்கள். ஒருவர் தனியாகப் போகாமல் இருவராகப் பாதை முழுக்க நடந்து, விளிம்பில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீர் ஊற்று, கலங்கிய பீலித் தண்ணீர், அடைத்த கல்வரி ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வெடிப்புக் கண்டால் இருபுறமும் ஒரு முளை அடித்து இடைவெளியை அளந்து, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். விரிந்திருந்தால் பிரதேச அனர்த்த முகாமைத்துவ அலுவலருக்கு உடனே சொல்லி, அவர் வந்து பார்க்கும்வரை கேற்றைப் பூட்டியே வையுங்கள்.